பழைய பஸ்ஸைக் கேரவனாக மாற்ற வாங்குகிறீர்களா? வடசென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், மணலி, திருவொற்றியூர் என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே. உள்ளே என்ன கலரில் திரை போடுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. எந்த வண்டியை வாங்கலாம், எந்த வண்டியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குத் திரும்பலாம் என்பது மட்டும்தான்.

வண்டியைப் பார்க்கப் போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆர்.சி. அடுத்து வண்டிக்கு அடியில். எஞ்சின் அதற்கப்புறம்.

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டால் மனசு அங்கேயே விழுந்துவிடுகிறது. எஞ்சினை இறக்கி வேலை பார்த்துவிடலாம். மூலக்கடையிலிருந்து செங்குன்றம் வரை ஜி.என்.டி. சாலையில் அதற்குப் பட்டறைகளுக்குக் குறைவே இல்லை. துரு தின்ற கூண்டை, அதாவது பஸ்ஸின் பாடியை, சரிசெய்வது ஏறக்குறைய புதுக் கூண்டு கட்டுகிற செலவு. வில்லங்கமான ஆர்.சி.க்கோ பட்டறையே கிடையாது.

எவ்வளவு நீள வண்டி வாங்கலாம்?

வீட்டில் எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய தெருக்களில் குட்டி யானையே ரிவர்ஸ் எடுக்கத் திணறும். அங்கே 11 மீட்டர் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினால் முதல் நாளே தெருவே பகையாகிவிடும். மாதவரம், புழல் பக்கம் காலி மனையோ வாடகை ஷெட்டோ இருந்தால் பெரிய வண்டி பற்றி யோசிக்கலாம். அந்த மாத வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கோடு லைசென்ஸ். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் அது இலகுரக வாகனம். கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் அந்த எடைக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. டெம்போ டிராவலர் இந்த எல்லைக்குள் வந்துவிடும். மினி பஸ்களில் சில வரும், சில வராது. ஆர்.சி.யில் லேடன் வெயிட் என்று போட்டிருப்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைத் தாண்டினால் கனரக லைசென்ஸ் வேண்டும். பெரிய பஸ்ஸுக்கு நீங்களே லைசென்ஸ் எடுக்கலாம், அல்லது போகும்போதெல்லாம் ஒரு டிரைவரைக் கூட்டிப்போகலாம். குடும்பமாகப் போகும் கேரவனில் டிரைவர் அண்ணன் எங்கே படுப்பார் என்று பிளான் வரையும்போது யாரும் யோசிப்பதில்லை.

என் கருத்தைக் கேட்டால், நான்கு பேர் குடும்பத்துக்கு 7 முதல் 8 மீட்டர் மினி பஸ் போதும். டிராவலர் இரண்டு பேருக்குச் சரி. முழு பஸ் வாங்குகிறவர்களில் பலருக்கு இடம் தேவைப்பட்டதைவிட, பெரிதாக ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசைதான் அதிகம்.

மாநகரப் பேருந்து ஏலத்தில் மலிவாகக் கிடைக்குமாமே?

கிடைத்த காலம் முடிந்துவிட்டது. மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சி அமைப்புகள், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவற்றின் வண்டிகளுக்கு 15 வயது தாண்டினால் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவை பதிவுபெற்ற வாகன உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். "ஏலத்தில் எடுத்தது சார், பேப்பர் பின்னாடி வரும்" என்று யாராவது கார்ப்பரேஷன் வண்டியைக் காட்டினால், நீங்கள் பார்ப்பது ஓடும் வண்டி இல்லை, எடைக்குப் போடும் இரும்பு. தோட்டத்தில் நிறுத்தி டீக்கடை வைக்க வேண்டுமானால் உதவும்.

தனியார் வண்டிக்கு இந்த 15 வயதுத் தடை அப்படியே பொருந்தாது. தகுதிச் சோதனையில் தேறினால் ஓட்டலாம். ஆனால் செலவு ஏறும். அதைக் கீழே சொல்கிறேன்.

அப்படியென்றால் எங்கிருந்துதான் வாங்குவது?

பள்ளி, கல்லூரி பஸ். எனக்குப் பிடித்தது இதுதான். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, கோடையில் மாதக்கணக்கில் ஓய்வு. ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருக்கும். குறையும் அதிலேயே இருக்கிறது. நின்று நின்று ஓடுவதால் கிளட்ச், பிரேக், கியர்பாக்ஸ் தேய்ந்திருக்கும். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பல வண்டிகள் ஷெட்டுக்கு வெளியே மழையில் நின்றன. அந்த வண்டி இந்தக் கடற்கரைப் பக்கத்தில் நின்றதா, உள்ளே தள்ளி நின்றதா என்று கேளுங்கள். 2012-ல் தாம்பரம் அருகே பள்ளி பஸ்ஸின் தரை ஓட்டை வழியே விழுந்து ஒரு குழந்தை இறந்தபின் தமிழகத்தில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்து, ஆண்டுதோறும் கூட்டு ஆய்வும் நடக்கிறது. ஆகவே தரையைப் பேருக்காவது யாரோ பார்த்திருப்பார்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை மற்ற பஸ்களைவிடக் குறைந்த வேகத்துக்கு வைத்திருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கல்வி நிறுவன வண்டிக்கு வரிச் சலுகை உண்டு. கை மாறியதும் அந்தச் சலுகை போய்விடும்.

கம்பெனி ஸ்டாஃப் பஸ். மணலி, எண்ணூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் செல்பவை. மூன்று ஷிப்டும் ஓடியிருக்கும். ஓடாத நேரத்திலும் ஏ.சி.க்காக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்திருக்கும். மீட்டரில் அந்த மணிநேரம் தெரியாது.

ஆம்னி பஸ். இதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

சீஸ் வண்டி, அதாவது தவணை கட்டாததால் ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கிவந்து யார்டில் நிறுத்தியது. விலை குறையும். மாதக்கணக்கில் அசையாமல் வெயிலில் நின்றிருக்கும், பேட்டரி செத்திருக்கும், டயர் ஒரு பக்கம் சப்பையாகியிருக்கும். பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். ஓட்டிப் பார்க்க முடியாத வண்டிக்கு எஞ்சின் வேலைச் செலவைக் கழித்துக்கொண்டு விலை கேளுங்கள்.

எங்கள் பக்கம் உப்புக்காற்று. துருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடலோரத்தில் சில வருடம் நின்ற பஸ்ஸும், அதே வயதில் திருச்சியில் ஓடிய பஸ்ஸும் வெளியிலிருந்து ஒன்றுபோலத்தான் இருக்கும். பெயிண்ட் புதிது, ஸ்டிக்கர் புதிது. கீழே குனிந்தால் கதை வேறு.

சேஸ் என்பது நீளவாக்கில் ஓடும் இரண்டு கனமான சட்டங்கள். அவை தடிமனானவை, சீக்கிரம் சாகாது. அவற்றின் மேல் குறுக்கே போட்டிருக்கும் மெல்லிய இரும்புகள்தான் கூண்டைத் தாங்குகின்றன. முதலில் போவது அவை. சக்கரத்தின் மேல் வளைவு, படிக்கட்டின் அடிப்பாகம், பேட்டரிப் பெட்டி, டீசல் டேங்க் தாங்கி, பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி, இந்த ஐந்து இடமும் கட்டாயம் பாருங்கள்.

பழைய உடை போட்டுக்கொண்டு, பெரிய ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். பஸ்ஸைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு அடியில் நுழையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் போகாதீர்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் குறுக்கு இரும்பை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று சொல்லும். இளைத்த இரும்பு 'தொப்' என்று சொல்லும். தொப் என்ற இடத்தில் முனையால் அழுத்துங்கள். மேலே செதில் உதிர்ந்து கீழே கெட்டியாக நின்றால் அது மேல்துரு, தேய்த்து பிரைமர் அடித்தால் போதும். முனை உள்ளே இறங்கினால் எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

அடியில் எல்லாம் கறுப்பாக, ஈரமாகப் பளபளக்கிறதா? விற்பதற்காகவே தார் மாதிரி அண்டர்கோட் அடித்திருக்கலாம். "துருப் பிடிக்காம இருக்க அடிச்சோம் சார்" என்பார்கள். அப்படியென்றால் ஒரு முழத்துக்குச் சுரண்டிப் பார்க்கச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதிப்பவரிடம் தொடர்ந்து பேசலாம்.

மேலே வந்ததும் உள்ளே ரப்பர் பாயைத் தூக்குங்கள். கீழே பிளைவுட் தரை. வாசல் பக்கமும் சக்கர வளைவைச் சுற்றியும் குதிகாலால் மிதித்தால் அமுங்குகிறதா பாருங்கள். பிளைவுட்டை எப்படியும் மாற்றப் போகிறீர்கள், அது பிரச்சினை இல்லை. அமுங்கும் இடத்துக்கு நேர் கீழே இரும்பு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பக்கவாட்டுத் தகட்டில் பட்டி அப்பி மறைத்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். இரும்புத் தகட்டில் ஒட்டாமல் நழுவும் இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது. அலுமினியத்திலும் ஃபைபரிலும் காந்தம் எங்கேயுமே ஒட்டாது, அதை வைத்துப் பயந்துவிட வேண்டாம்.

கூரையை மழைக்காலத்தில் பார்ப்பது உத்தமம். ஐப்பசி கார்த்திகையில் வாங்கப் போனால் ஒழுகல் தானாகவே தெரிந்துவிடும். மற்ற மாதங்களில் ஒரு ஹோஸ் பைப் கேட்டு வாங்கி, கூரை ஜன்னலைச் சுற்றியும் ஓரத் தையலிலும் கால்மணி நேரம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உள்கூரையில் டீ கறை மாதிரி வட்டங்கள் இருந்தால் ஹோஸ் பைப்பே தேவையில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படித் தெரிந்துகொள்வது?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் நின்ற இடத்திலேயே மூழ்கிய வண்டிகள் ஏராளம். மிக்ஜாமின்போது எண்ணூர் முகத்துவாரப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்தது. கழுவிவிட்டால் பார்வைக்குத் தெரியாது.

பின்விளக்குக் கண்ணாடிக்குள் வண்டல் கோடு, சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் அடிப்பகுதியில் மண் கறை, ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூப்பு, டேஷ்போர்டுக்கு அடியில் மக்கிய வாடை. பின் அச்சின் கிரவுன் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. உள் ஒயரிங் முழுவதையும் நீங்கள் புதிதாகப் போடுவீர்கள்தான். எஞ்சினுக்குப் போகும் ஒயரிங் பழையதுதானே இருக்கப் போகிறது? பி.எஸ். (புகை அளவுக்கான அரசுத் தரநிலை) 4-ம் அதற்குப் பிந்தையதுமான வண்டியில் எஞ்சின் கண்ட்ரோல் யூனிட் நனைந்திருந்தால் காரணமே தெரியாமல் நடுவழியில் நிற்கும். அந்த வண்டி வேண்டாம்.

எஞ்சினில் என்ன சோதனை செய்வது?

போவதற்கு முன் போன் செய்யாதீர்கள். செய்தால், நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்துவிடுவார்கள். போனதும் எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசாகப் புகை வருவது இயல்பு. குபுகுபுவென்று மூச்சு விட்டால் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. சைலன்ஸரில் நீலப் புகை ஆயில் எரிவது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமலிருந்தால் இன்ஜெக்டரையோ ஹெட்டையோ பார்க்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது மூலக்கடையிலிருந்து செங்குன்றம் வரை ஓட்டுங்கள். மூலக்கடை மேம்பாலத்தில் ஏறும்போது மூன்றாவது கியரில் அழுத்திப் பாருங்கள், ரேஸ் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மணலி பக்கம் கன்டெய்னர் லாரி கிழித்துப்போட்ட சாலையில் ஒரு கிலோமீட்டர் போனால், கூண்டு ஆணி ஆணியாகப் பேசுகிறதா என்று கேட்கலாம். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். விற்கிறவர் சொல்லிவிடும் மெக்கானிக் வேண்டாம்.

பி.எஸ். 3, 4, 6, எது நல்லது?

நாடு முழுவதும் பி.எஸ். 4 வந்தது 2017 ஏப்ரலில், பி.எஸ். 6 வந்தது 2020 ஏப்ரலில். பி.எஸ். 3 வண்டியை எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்துச் சேர்த்துவிடலாம், அது பெரிய பலம். ஆனால் அவற்றுக்கு வயதாகிவிட்டது. தில்லி தலைநகர் வட்டாரத்தில் 10 வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதிலிருந்து அங்கே விதிகள் மாறி மாறி வருகின்றன. இமயமலைப் பயணக் கனவு இருந்தால் அந்த வழியை யோசித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பி.எஸ். 6 பஸ்களில் ஆட்புளூ (புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா திரவம்) ஊற்ற வேண்டும், சென்ஸார் கோளாறு வந்தால் கம்ப்யூட்டர் வேண்டும். 2017-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட நல்ல பி.எஸ். 4 வண்டி இன்றைக்கு நடுநிலையான தேர்வு.

லேலண்டா, டாடாவா, ஐஷரா?

எண்ணூர்க்காரர்களிடம் இதைக் கேட்டால் பதில் ஒன்றுதான் வரும். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி, அப்பா, தாத்தா வேலை பார்த்த இடம். பெரிய பஸ் என்றால் தமிழ்நாடு முழுக்க லேலண்ட் ஓடுகிறது, உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், நானும் அதைத்தான் சொல்வேன். மினி பஸ்ஸில் டாடா 709, ஐஷர் இரண்டும் உழைக்கும். பிராண்டைவிட அந்த ஒரு வண்டி எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். அடிச்சட்டம் தனியாக இல்லாத பின் எஞ்சின் சொகுசு பஸ்களை மட்டும் தவிருங்கள். உதிரிபாக விலை தாங்காது, கூண்டில் எதையும் வெட்டவும் முடியாது.

ஆம்னி ஸ்லீப்பர் வாங்கினால் கட்டில் செலவு மிச்சம்தானே?

அந்தக் கட்டிலை ஒரு வாரத்தில் பிடுங்கிவிடுவீர்கள். கீழ்ப் படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாது, ஜன்னல்கள் படுக்கைக்கு ஏற்ற உயரத்தில் இருக்கும், சமையல் மேடை வைத்தால் கண்ணுக்கு நேரே தகடுதான் தெரியும். ஏர் சஸ்பென்ஷனும் கீழே உள்ள பெரிய லக்கேஜ் அறையும் மட்டும் உண்மையான லாபம். தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, பேட்டரி எல்லாம் அந்த அறையில் அழகாக அடங்கும்.

நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வரி மிச்சம் பிடிக்க நாகாலாந்து, அருணாச்சல், புதுச்சேரி பதிவில் ஓடிய ஆம்னி பஸ்கள் நிறைய. வெளிமாநிலப் பதிவில் தமிழ்நாட்டுக்குள் ஓடுவதை 2024 ஜூனில் தமிழக அரசு தடுத்தது. அப்படிப்பட்ட வண்டியை வாங்கினால் அங்கிருந்து தடையில்லாச் சான்று எடுத்து, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். விலை குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிற இனம் இது. மீட்டர் என்ன காட்டினாலும் சரி.

ஆர்.சி.யில் கேரவன் என்று மாற்ற முடியுமா? எல்லோரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. சட்டம் அனுமதிக்கும் மாற்றத்துக்கும் ஆர்.டி.ஓ.வின் ஒப்புதல் வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே சொன்னது. கேரவன் வண்டிகளுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. உட்கார இடமும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்கும் இடம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், மத்திய அரசின் 2004-ஆம் ஆண்டுப் பட்டியலில் போக்குவரத்து அல்லாத வாகனமாக வருகிறது.

இதை வைத்து, "பஸ்ஸை வாங்கி நாமே கட்டிவிட்டு அப்புறம் ஆர்.டி.ஓ.வில் காட்டினால் போதும்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஒரு மாடலுக்கு அங்கீகாரம் வாங்கி வைத்திருக்கும் கட்டுமான நிறுவனத்திடம் கொடுத்தால் வழி நேராக இருக்கும். நம் ஒரகடத்திலுள்ள ஜி.ஏ.ஆர்.சி. மாதிரியான சோதனை மையங்கள்தான் அந்த அங்கீகாரத்தைத் தருகின்றன. தனியாகச் செய்வதானால், வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே உங்கள் எல்லைக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு மாடல், வருடம், இப்போதைய வகை, நீங்கள் செய்யப்போகும் மாற்றம் எல்லாம் எழுதிக் கடிதமாகக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாசலில் நிற்கும் ஏஜென்ட் "அதெல்லாம் முடிச்சிடலாம் சார்" என்று சொல்வது பதில் ஆகாது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போது அவர் வரமாட்டார். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஆர்.சி. பஸ்ஸாகவே இருக்கும்வரை எஃப்.சி. (தகுதிச் சான்று), வரி எல்லாம் பஸ் கணக்குதான். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதன்பின் ஆண்டுதோறும். எஃப்.சி. காட்டப் போகும்போது உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

விற்பவரிடம் என்னென்ன பேப்பர் கேட்க வேண்டும்?

ஆர்.சி., நடப்பு எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி கட்டிய ரசீது, பர்மிட் இருந்தால் அதை ஒப்படைத்த சான்று. கடன் இருந்ததென்றால் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம். பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30. பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஹைபோதிகேஷன் (வண்டி மேல் உள்ள கடன் பதிவு), நிலுவை அபராதம் இரண்டையும் பாருங்கள். சேஸ் எண்ணைப் பென்சிலால் பிரின்ட் எடுத்து ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் பொறித்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

15 வயது ஆனால் என்ன செலவு?

15 வயது தாண்டிய கனரக வண்டிக்குத் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 12,500 ரூபாய் ஆனது. இன்றைய தொகையை ஆர்.டி.ஓ.வில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வேலையை முடித்து வண்டி வெளியே வரவே ஒரு வருடம் ஆகிவிடும். 12 வயது வண்டி வாங்கினால் நிம்மதியாகச் சுற்ற இரண்டு வருடம்தான். 5 முதல் 8 வயதுக்குள் வாங்குங்கள்.

நின்றால் தலை இடிக்காத உயரம் எது?

வீட்டிலேயே உயரமானவரைக் கூட்டிப்போய் நடுவில் நிற்கவையுங்கள். கூரைக்கும் தலைக்கும் நடுவே குறைந்தது 5 அங்குலம் வேண்டும். மேலே வெப்பத் தடுப்புக்கு 2, கீழே புதுத் தரைக்கு 1 போய்விடும். டிராவலரில் உயரக்கூரை மாடல் மட்டும் பாருங்கள். மினி பஸ்களில் ஓரத்தில் கூரை வளைந்து இறங்கும், சமையல் மேடை வரும் இடத்திலும் நின்று பாருங்கள்.

வெளி உயரமும் உண்டு. கூரையில் ஏ.சி.யும் சோலார் பலகையும் ஏற்றினால் அரை அடிக்கு மேல் கூடும். வடசென்னையில் ரயில்வே சுரங்கப்பாதை இல்லாமல் எங்கே போவது? வாசலில் எழுதியிருக்கும் உயரத்தை இப்போதே குறித்துவைத்து, அதற்குள் அடங்கும் வண்டியாகப் பாருங்கள்.

சென்னை வெயிலுக்கு எந்த மாதிரி பஸ் நல்லது?

கண்ணாடி குறைவான பஸ். பக்கம் முழுக்கப் பெரிய ஒட்டுக் கண்ணாடி போட்ட ஏ.சி. கோச் பார்க்க அழகு, சித்திரையில் நிறுத்தினால் உள்ளே நிற்க முடியாது. தள்ளித் திறக்கும் ஜன்னல் உள்ள சாதாரணப் பள்ளி பஸ்ஸில் காற்று வரும், இரவில் கொசுவலை அடிக்கலாம். தேவையில்லாத ஜன்னலைத் தகடு வைத்து மூடலாம். ஜன்னல்களுக்கு இடையிலுள்ள தூணை மட்டும் வெட்டக் கூடாது, கூரை அதன் மேல்தான் நிற்கிறது. பஸ்ஸின் பழைய ஏ.சி. வேலை செய்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். அது எஞ்சின் ஓடினால்தான் ஓடும், உங்களுக்கு வேண்டியது நிறுத்தியிருக்கும்போது.

காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்தை உள்ளேயே வறுக்கப் போகிறவர்கள் கூரை ஜன்னல் இரண்டு இருக்கிற வண்டியாகப் பாருங்கள். மெத்தை உங்களுக்கு நன்றி சொல்லும்.

எடை தாங்குமா?

பெரிய பஸ்ஸில் கவலையே இல்லை. 50 பேர், ஆளுக்கு 65 கிலோ என்றாலும் 3,250 கிலோவைத் தினமும் சுமந்த வண்டி அது. 400 லிட்டர் தண்ணீர் 400 கிலோதான். சிக்கல் டிராவலரில் வரும். மரப் பலகையும் கிரானைட் மேடையும் பேட்டரியும் ஏறினால் எல்லை சீக்கிரம் வந்துவிடும். பின் ஸ்பிரிங் பட்டைகள் ஏற்கெனவே தட்டையாகத் தொங்கும் டிராவலரை விட்டுவிடுங்கள்.

டயர் புதிது என்கிறார்களே, விலை கூட்டிக் கொடுக்கலாமா?

டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டு 35-ஆம் வாரம் செய்தது. பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) முழுசாக இருந்தும் ஆறேழு வயதான டயர் இருக்கலாம். ரீட்ரெட் செய்ததையும் புதிது என்பார்கள். கேரவன் மாதக்கணக்கில் நிற்கும் வண்டி, டயர் தேய்ந்து சாகாது, வெடித்துச் சாகும்.

ஏற்கெனவே கட்டிய சினிமா கேரவனை வாங்கினால் வேலை மிச்சமா?

சில நேரம். அவை ஷூட்டிங் இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடவிட்டுப் பயன்படுத்துவதற்காகக் கட்டியவை. பெரிய கண்ணாடி, பெரிய ஏ.சி., சோபா இருக்கும். பேட்டரியும் தண்ணீர் கொள்ளளவும் குறைவாக இருக்கும், ஓடும்போது உட்கார பெல்ட் உள்ள சீட் டிரைவர் பக்கத்தில் மட்டும் இருக்கலாம். குழந்தைகளைக் கட்டிலில் உட்காரவைத்து ஓட்டுவது சரிப்படாது. ஆர்.சி.யில் என்ன வகை, எத்தனை சீட் என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் மேலே சொன்ன பெரிய தலைவலி ஒன்று தீர்ந்தது, அதற்காகக் கொஞ்சம் கூட்டியே கொடுக்கலாம்.

மொத்தப் பணத்தில் பஸ்ஸுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள். உள்வேலை, மின்சாரம், பிளம்பிங் எல்லாம் பஸ் விலையைச் சுலபமாகத் தாண்டும். வாங்கிய கையோடு பிரேக், பெல்ட், ஹோஸ், பேட்டரி, டயர் என்று ஒரு சுற்றுச் செலவு இருக்கிறது, அதையும் பஸ்ஸின் பங்கிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுங்கள், சிறிய தொகையாக, வங்கி வழியாக, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கு. புரோக்கர் கணக்குக்கு வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் வண்டி எண், சேஸ் எண், பேசிய விலை, "கடன் தடையில்லாச் சான்று வராவிட்டாலோ பெயர் மாற்றம் நடக்காவிட்டாலோ முன்பணம் திருப்பித் தரப்படும்" என்ற வரி, இருவர் கையெழுத்து. எழுதித் தரத் தயங்கினால் அடுத்த வண்டியைப் பாருங்கள். செங்குன்றம் பக்கம் இந்த வாரமும் இரண்டு மூன்று பள்ளி பஸ்ஸாவது விற்பனைக்கு நிற்கும்.